கட்டைத் தேடு, அலைகரையைக் கேள்: வன்னியின் வான்படங்களை வாசிப்பது எப்படி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியை வானிலிருந்து எடுத்த வான்படம் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுக்கும் எவருக்கும் கண்ணில் படுவது காடுதான். கறுப்புவெள்ளைப் படமென்றால் எங்கும் சாம்பல் நிறம். அதில் அங்கங்கே வெளிறிய திட்டுகள், கரிய குமிழ்கள், நூல் இழுத்ததுபோல் சில கோடுகள். எது வயல், எது புல்தரவை, எது தண்ணீர் என்று பிடிபடாது. நான் பிறந்து வளர்ந்த ஊரின் படத்தில் எங்கள் வீதியைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த ஊரை நடந்து அறிந்திருந்தேன், சைக்கிளில் அறிந்திருந்தேன். மேலிருந்து அறிந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பழகியது இடவிளக்கப் படம். அதில் ஆறு நீலக் கோடாக இருக்கும், ஊருக்குப் பெயர் இருக்கும். யாரோ ஒருவர் எங்களுக்கு முன்பே நிலத்தை வாசித்து, வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டு வரைந்து தந்தது அது. வான்படத்தில் யாரும் எதையும் விடவில்லை. கமராவின் முன்னால் இருந்ததெல்லாம் பதிந்திருக்கும், மாடு நடந்த தடம் வரைக்கும். பெயர் மட்டும் இருக்காது. பெயர் வைக்கும் வேலை பார்ப்பவருடையது.

பாடநூல்கள் இதற்கு ஒரு வரிசை தரும்: நிறம், மேற்பரப்பின் தன்மை, வடிவம், பருமன், நிழல், ஒழுங்கு, இருக்கும் இடம், அயலில் உள்ளவை. வரிசையில் தவறில்லை. ஆனால் வன்னியில் அதை அந்த ஒழுங்கிலேயே பின்பற்றினால் பொழுது போய்விடும், நிலம் பிடிபடாது. இங்கே முதலில் தேட வேண்டியது குளக்கட்டு. கட்டைக் கண்டுபிடித்தால் சரிவு தெரியும், சரிவு தெரிந்தால் வயலும் ஊரும் காடும் தம் இடத்தில் வந்து அமரும். பல ஆண்டுகள் இந்தப் படங்களோடு இருந்தபின் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

கட்டு சொல்லும் சரிவு

வன்னியின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றருக்கும் கீழே கிடக்கும் தட்டை நிலம். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய இடவிளக்கப் படத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு 100 அடிக்கு ஒன்றுதான். அதனால் மைல் கணக்கில் ஒரு கோடுகூட விழாத இடங்கள் உண்டு. நிலத்தில் நின்று பார்த்தாலும் சரிவு தெரியாது. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். தண்ணீரை மறித்துக் குளம் கட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மேலிருந்து பார்த்தால் குளத்துக்கு இரண்டு விதமான கரை இருக்கும். ஒன்று நேராகவோ வில் போல மெல்ல வளைந்தோ, கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கும். அது கட்டு. எதிர்க்கரை விரல் விரித்த கைபோலப் பள்ளங்களுக்குள் நுழைந்து நுழைந்து போகும். அது அலைகரை. கட்டு இருக்கும் பக்கம் பள்ளம், அலைகரை இருக்கும் பக்கம் மேடு. கட்டுக்குக் கீழே, நீர் திறந்துவிடும் துருசிலிருந்து வாய்க்கால் புறப்படும், அதை ஒட்டி வயல் விசிறிபோல் விரியும். வயலின் கீழ்முனையில் எல்லா நீரும் திரும்ப ஓடையாகச் சேரும். அந்த ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த குளத்தின் அலைகரையில் கொண்டுபோய் விடும். ஒரு குளம் நிரம்பி வான் என்ற வழிகால் வழியே பாய்ந்த நீரும் அதன் வயலில் கழிந்த நீரும் அடுத்த குளத்துக்கு வரவாகும். இந்தத் தொடர்குளங்களை ஒருமுறை படத்தில் விரலால் தொட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். வன்னியில் ஒரு குளத்தைத் தனியாகப் பேச முடியாது என்பது அப்போது தெரியும்.

ஊர் எங்கே இருக்கும் என்பதையும் கட்டே சொல்லிவிடும். பழைய ஊர்களில் குடிமனை பெரும்பாலும் கட்டின் ஒரு முனையை ஒட்டிய மேட்டில் இருக்கும். பிள்ளையாரும் அங்கேதான், கட்டோரத்து மரத்தின் கீழ். ஒழுங்கையெல்லாம் வளைந்து நெளிந்து, வளவுகள் ஒன்றோடொன்று ஒட்டாத வடிவங்களில் கிடக்கும். குடியேற்றத் திட்டத்தில் உண்டான ஊர் இப்படி இருக்காது. இரணைமடுக் குளத்தின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ பாருங்கள்: வாய்க்கால் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் போகும், காணிகள் ஒரே அளவில் வரிசையாக நிற்கும், வீடுகள் வீதிக்கு ஒரே தூரத்தில் இருக்கும். ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து பிரிந்து வளர்ந்தது. மற்றது ஒரு மேசையில் வரையப்பட்டுப் பின்னர் நிலத்துக்கு வந்தது. படத்தில் இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும்.

குளத்தின் தண்ணீர் விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அசையாத தண்ணீரின் விளிம்பு எங்கும் ஒரே உயரத்தில் இருக்கும். ஆகவே படம் எடுத்த அன்று குளத்தின் ஓரம் ஒரு சமவுயரக் கோடு. ஒரே குளத்தைத் தையில் எடுத்த படம், சித்திரையில் எடுத்த படம், ஆவணியில் எடுத்த படம் என்று மூன்றை வைத்துக்கொண்டால் மூன்று சமவுயரக் கோடுகள் கைக்கு வந்துவிடும். தண்ணீர் வற்றும்போது அலைகரையில் தங்கித் தங்கிப் போன இடங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் விழுந்திருப்பதையும் பல படங்களில் காணலாம். எந்தக் கருவியும் கொண்டுபோய் அளக்காமல், குளத்தின் எந்த மூலை ஆழம், எந்த மூலை தூர்ந்துவிட்டது என்று அந்த வளையங்களிலிருந்தே பேசத் தொடங்கலாம்.

மன்னாரின் கட்டுக்கரைக்குளம் இந்த விதிக்கு நல்ல சோதனை. அவ்வளவு பெரிய குளம். ஆனால் அதற்கு நீர் கொண்டுவரும் பெரிய ஆற்றை அலைகரைப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. அப்படிக் கிடைக்காதபோது வாய்க்காலைத் தேட வேண்டும். அநுராதபுரப் பக்கமிருந்து வரும் அருவி ஆற்றைத் தேக்கம் அணையில் மறித்து, அங்கிருந்து வெட்டிய வாய்க்கால் வழியாகத்தான் கட்டுக்கரைக்கு நீர் வருகிறது. ஆற்றுக்கு வளைவு உண்டு, கிளை உண்டு, கரையில் மருதமர வரிசை உண்டு. வெட்டிய வாய்க்கால் சரிவை மெல்ல இறங்கவிட்டு, கிளை சேராமல், ஒரே அகலத்தில் போகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு நீர்ப்பாசனப் படத்தில் பாதி முடிந்த மாதிரி.

கறுப்பெல்லாம் தண்ணீர் ஆகாது

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தவறுவது நிறத்தில்தான். கறுப்புவெள்ளைப் படத்தில் தெளிந்த ஆழமான தண்ணீர் கறுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் மாரி வெள்ளத்தில் கலங்கிய குளம் வெளிறிய சாம்பலாக இருக்கும். சூரியன் கமராவுக்கு நேராகத் தெறித்தால் அதே குளம் வெள்ளைத் தட்டாகிவிடும். மறுபக்கம், தண்ணீரே இல்லாத கறுப்புகள் எத்தனையோ உண்டு. முகில் நிழல் கறுப்பு. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை கறுப்பு. முருங்கன் பக்கத்துக் களிமண் காய்ந்த பின்னும் கருமையாகவே கிடக்கும்.

இவற்றைப் பிரிக்க நிறத்தை விட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். முகில் நிழலுக்கு ஓரம் மங்கும், கொஞ்சம் தள்ளி அதற்குரிய முகிலும் இருக்கும். எரிந்த சேனைக்குள் எரியாமல் விழுந்து கிடக்கும் மரங்களும் சாம்பலும் வெள்ளைக் கீறல்களாகத் தெரியும். தண்ணீருக்குள் எதுவும் தெரியாது, ஓரம் வழுவழுப்பாகப் போகும்.

படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று தெரியாமல் வன்னிப் படத்தைத் தொடக்கூடாது. காலபோகம் விதைத்து மாரி பெய்து முடிந்த மார்கழி, தையில் வயல் ஒரே சீராகக் கருமை பாய்ந்திருக்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அதே வயல் வெளிறிவிடும். ஆவணி, புரட்டாசியில் குளமே வற்றி, அதன் நடுவில் புல் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துப் பயிர் நிற்கிறது என்று குறித்தவர்கள் உண்டு. அங்கே கைகொடுப்பது வரம்பு. வயலில் வரம்புக் கட்டங்கள் தெரியும், குளத்து வயிற்றில் தெரியாது. இன்னொன்று மாட்டுத்தடம். கோடையில் எஞ்சிய தண்ணீரை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் மாடுகள் நடந்த வெள்ளை இழைகள் ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளிதான் குளத்தின் ஆழமான இடம்.

நிழலில் ஒரு வன்னி விசேடம் இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து விழும் என்றுதான் நமது கண் எப்போதும் நம்புகிறது. படத்தில் நிழல் நம்மை நோக்கி விழுந்தால் மேடு மேடாகத் தெரியும். நம்மைவிட்டு அப்பால் விழுந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டுவிடும். கட்டு வாய்க்காலாகத் தெரிகிற விந்தை இப்படித்தான் நடக்கிறது. தூர வடக்கு நாடுகளில் எழுதிய நூல்கள், நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று எடுத்துக்கொண்டு படத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லும். நாங்கள் இருப்பது ஏறத்தாழ 9 பாகை வடக்கில். சித்திரை வருடப்பிறப்பை அண்டிய நாட்களில் கிளிநொச்சியில் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆவணி நடுவளவில் மறுபடியும் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆகவே மாசியில் எடுத்த படத்தைத் தெற்கு மேலே வரும்படி திருப்பிப் பார்க்க வேண்டும், ஆனியில் எடுத்த படத்தை வடக்கு மேலேயே வைத்துப் பார்க்கலாம். நூலில் உள்ளதை அப்படியே செய்தால் ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் எங்கள் நிலம் தலைகீழாகிவிடும்.

ஒரு மில்லிமீற்றரில் 40 மீற்றர்

வானிலிருந்து படமெடுப்பது பழைய வேலை. 1858இல் பிரான்சில் நாடார் என்ற ஒளிப்படக் கலைஞர் பலூனில் ஏறி எடுத்தார். அந்தப் படங்கள் எஞ்சவில்லை. 1860இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை ஜேம்ஸ் வொலஸ் பிளாக் எடுத்ததே இன்று கையில் இருப்பவற்றில் பழையது. எங்களுக்கு முக்கியமான ஆண்டு 1956. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இலங்கையை வானிலிருந்து படமெடுத்தார்கள். அளவிடை 1:40,000. நாட்டின் வன வளத்தையும் ஆற்று வடிநிலங்களையும் மதிப்பிட அந்தப் படங்கள் பயன்பட்டன. பழைய வான்படங்கள் நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

இந்த அளவிடையைக் கையோடு பழகிக்கொள்ள வேண்டும். படத்தில் 1 மில்லிமீற்றர் நிலத்தில் 40 மீற்றர். 23 சென்ரிமீற்றர் சதுரப் படமொன்று ஒவ்வொரு பக்கமும் 9 கிலோமீற்றருக்குச் சற்று மேலான நிலத்தை அடக்கும். ஓர் ஏக்கர் சதுரக் காணி, பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில், ஏறத்தாழ ஒரு கடுகின் பருமனில் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவர் தன் வீட்டுக் கூரையைத் தேட மாட்டார். வளவைத் தேடுவார், வளவைச் சுற்றிய வேலியின் நிழலைத் தேடுவார்.

அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஏறத்தாழ 60 வீதம் ஒரே நிலம் இரண்டு முறை பதியும்படி விமானம் பறக்கும். இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்து, இடக்கண் ஒன்றையும் வலக்கண் மற்றதையும் பார்க்கும்படி செய்தால், நிலம் எழும்பி நிற்கும். எனக்கு அது மூன்று நாள் எழும்பவேயில்லை. சொல்லித்தந்தவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தார். நான்காம் நாள் காலை, தட்டையாகக் கிடந்த சாம்பல் பரப்பிலிருந்து மரங்கள் திடீரென்று மேலே வந்தன. அவற்றுக்கிடையில் ஒரு குளக்கட்டு மதில் மாதிரி நின்றது. இப்படிப் பார்க்கும்போது உயரம் இயல்பைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். மலை நாட்டில் அது கொஞ்சம் தொல்லை. வன்னி போன்ற தட்டை நிலத்துக்கோ அது வரப்பிரசாதம்: நடக்கும்போது கால்கூட உணராத ஏற்றத்தை அங்கே கண் உணரும்.

காட்டுக்குள் இருக்கும் ஊர்

காட்டை ஒரே நிறமாகப் பார்ப்பதை விட்டு அதன் மேற்பரப்பை விரலால் தடவுவதுபோல் பார்க்கப் பழக வேண்டும். முதிர்ந்த காடு கரடுமுரடாக இருக்கும். பாலையும் வீரையும் முதிரையும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு பருமனான தலைகளோடு நிற்பதால் வெளிச்சமும் நிழலும் கலந்து, பொரித்த அப்பளம்போல் குமிழ்குமிழாகத் தெரியும். இருபது முப்பது ஆண்டுக்குள் மீண்டும் எழுந்த பற்றைக்காடு மெல்லிய வெல்வெட் துணிபோல் சீராக இருக்கும், ஏனென்றால் எல்லாம் ஒரே காலத்தில் முளைத்தவை. அதோடு அதன் எல்லை நேராக இருக்கும். இயற்கையாக வளர்ந்த காட்டுக்கு நேர் எல்லை கிடையாது. காட்டுக்குள் ஒரு செங்கோணம் தெரிந்தால், அங்கே ஒரு மனிதக் கை இருந்திருக்கிறது.

1920களில் இங்கிலாந்தில் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் என்பவர் விமானப்படையின் படங்களை வைத்துக்கொண்டு, நிலத்தில் விழுந்த தடங்களிலிருந்தும் பயிரின் வேறுபாட்டிலிருந்தும் பழைய வயல் எல்லைகளையும் புதைந்த அகழிகளையும் கண்டுபிடித்தார். பழைய அகழிக்கு மேல் பயிர் கொழுத்து வளரும், புதைந்த சுவருக்கு மேல் வாடும். எங்களுக்கு அந்த வேலையைக் காடு செய்கிறது. கைவிட்ட குளத்தின் கட்டு மேட்டில் மரங்கள் வரிசையாக உயர்ந்து நிற்கும். அதன் மேற்பக்கம், ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற வண்டலில், புல்வெளியோ தாழ்ந்த பற்றையோ வெளிறிய திட்டாக இருக்கும். அந்த மரவரிசையை நோக்கி வரும் ஓடை ஓர் இடத்தில் அதை ஊடறுத்துப் போகும். அதுதான் கட்டு உடைந்த இடம்.

எங்கள் ஊர்ப்பெயர்கள் இதை முன்பே எழுதி வைத்திருக்கின்றன. முறிப்பு என்ற பெயர் முறிந்த குளத்தை நினைவில் வைத்திருக்கிறது. மடு, மோட்டை, தொடுவாய், பிட்டி எல்லாம் நிலத்தின் வடிவத்துக்கு வைத்த சொற்கள்தான். இரணை என்றால் இரட்டை, மடு என்றால் ஆழமாக நீர் நிற்கும் இடம். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு அப்படி ஆற்றின் பழைய முகத்தைத் தன் பெயரில் சுமக்கிறது. படத்தில் ஒரு வடிவம் பிடிபடாதபோது அந்த இடத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். எத்தனையோ முறை விடை அதிலேயே இருந்திருக்கிறது.

கரையோரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது தானே பேசும். முல்லைத்தீவுப் பக்கம் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று களப்புகள், அவற்றைக் கடலிலிருந்து பிரிக்கும் வெண்மணல் திடல், களப்போரத்தில் கண்டல். தென்னந்தோட்டம் வரிசையில் வைத்த புள்ளிகளாகவும் பனங்கூடல் ஒழுங்கில்லாமல் இறைந்த புள்ளிகளாகவும் இருக்கும், பனையின் நிழல் மெல்லியதாக நீளும். பூநகரிப் பக்கம் சுண்ணக்கல் நிலத்தில் தரைமேல் ஓடைகள் குறையும். தெற்கே வவுனியாவை நோக்கி வரவரக் கடும்பாறை நிலத்தில் ஓடைகள் மரக்கிளைபோல் பிரியும்.

போர் விட்ட கோடுகள்

வன்னியின் வான்படங்களுக்கு எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு பகுதி உண்டு. 2008, 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் நீளமான மண் அணைகள் கட்டப்பட்டன. 2009க்குப் பிந்திய படங்களில் அவை குளக்கட்டுப்போலவே தெரியும்: நீளமான மேடு, அதன்மேல் வளரத் தொடங்கிய பற்றை, ஒரு பக்கம் தாழ்வு. அப்படியொன்றைக் கைவிட்ட குளமென்று நான் குறித்துவிட்டேன். படத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு களத்துக்குப் போனபோது, அந்தப் பக்கத்தில் அறுபது ஆண்டுக்கு மேல் வயல் செய்த ஐயா ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைக் கன நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"தம்பி, இது குளக்கட்டெண்டா அலைகரை எங்க?"

என்னிடம் விடை இல்லை. அவர் விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். "குளக்கட்டு எண்டா ரெண்டு முனையும் மேட்டில ஏறோணும். இது பாருங்கோ, மேட்டையும் வெட்டுது, பள்ளத்தையும் வெட்டுது. தண்ணி மறிக்கக் கட்டினதில்ல இது."

நான் படித்த எந்த நூலையும்விட அந்த இரண்டு வசனமும் எனக்கு அதிகம் தந்தன. குளக்கட்டு நிலத்தின் சொல்லைக் கேட்டுக் கட்டப்பட்டது. மண் அணை அதைக் கேட்கவில்லை. ஒரு மேடு நீரோட்டத்துக்குக் குறுக்கே இருக்கிறதா, முனைகள் உயர்ந்த தரையில் முடிகின்றனவா, மேற்பக்கம் அலைகரையின் விரல்கள் இருக்கின்றனவா என்று இந்த மூன்றையும் கேட்காமல் இன்று நான் எதையும் கட்டென்று குறிப்பதில்லை.

எறிகணைக் குழிகளும் கிணறுகளும் இதேபோல் குழப்பும், இரண்டும் வட்டம். கிணறு தனியே இருக்காது. பக்கத்தில் ஒரு வளவோ தோட்டமோ ஒற்றையடிப் பாதையோ இருக்கும். குழிகள் ஒழுங்கின்றி இறைந்து கிடக்கும், தெறித்த மண் ஓரத்தில் வெளிறிய வளையமாக இருக்கும், பாதை எதுவும் அதைத் தேடி வராது. 2009இல் போரின் இறுதியில் முல்லைத்தீவின் ஒடுங்கிய கரையோரத்தில் மக்கள் அடைபட்டிருந்தபோது எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை, ஐக்கிய நாடுகளின் செய்மதிப் பட ஆய்வுப் பிரிவான யுனோசற் ஆராய்ந்தது. 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் அவை இடம்பெற்றன. வான்படத்தை வாசிப்பது சாட்சியத்தை வாசிப்பதும்தான் என்பது எங்களுக்குப் புதிய செய்தி இல்லை.

ரயில்பாதையையும் சொல்ல வேண்டும். 1990இலிருந்து 2014 வரை வன்னியூடாக யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடவில்லை. அந்தக் காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுவிட்டன. ஆனாலும் 2013இல் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வருவதற்கு முந்திய படங்களில் அந்தப் பாதை தெரியும். கண்டி வீதி சட்டென்று திரும்பும், ரயில்பாதையால் அப்படித் திரும்ப முடியாது. காட்டுக்குள் ஒரு கோடு மிக நீண்ட மெல்லிய வளைவில் போனால், தண்டவாளம் இல்லாவிட்டாலும் அது ரயில் போன பாதைதான்.

இதையெல்லாம் நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் காணி. இடம்பெயர்ந்து பத்து, இருபது ஆண்டு கழித்துத் திரும்பியவர்களின் வயல்களில் காடு ஏறியிருந்தது. காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் பல குடும்பங்களிடம் எஞ்சவில்லை. இன்றைக்குப் பச்சையாக இருக்கிறது என்பதற்காகவே காடென்று எல்லைக்கல் நாட்டப்பட்ட இடங்கள் உண்டு. அங்கே இன்றைய படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன். பழைய படத்தில் வரம்புக் கட்டங்கள் இருக்கின்றனவா, இன்றைய காட்டின் மேற்பரப்பு வெல்வெட்டா அப்பளமா, எல்லையில் செங்கோணம் இருக்கிறதா என்பவற்றைக் கேட்க வேண்டும். உண்மையான முதிர்காட்டைக் காப்பாற்றுவதற்கும் இதே கண்தான் வேண்டும். பாலையும் வீரையும் நின்ற கரடான பரப்பு நடுவே புதிதாக ஒரு நேர்கோடு விழுந்தால், யாரோ உள்ளே வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று அதே படம் காட்டிக்கொடுக்கும்.

தொடங்க விரும்புகிறவருக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களுக்குப் போகும் வசதி இருக்கிறது. உங்கள் ஊர்க்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்தப் பெயரும் தெரியாதவாறு எழுத்துகளை மறைத்துவிட்டு, ஒரு தாளில் கட்டை வரையுங்கள், பிறகு அலைகரை, வான், வாய்க்கால். தெரியாததைத் தெரியாதென்று கேள்விக்குறி போட்டு விடுங்கள். ஊகித்து நிரப்பிய இடம்தான் பின்னர் தவறாக முடியும். அப்புறம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊரில் மூத்த ஒருவரிடம் போங்கள்.

அந்த ஐயாவிடம் பிறகொருமுறை 1956ஆம் ஆண்டுப் படத்தைக் கொண்டுபோனேன். அவர் பிறந்த ஊர் இன்று பற்றைக்காடு. படத்தில் முறிந்த கட்டொன்றும், அதன் கிழக்கு முனைக்கு அப்பால் கருமையான சிறு வட்டங்கள் நாலைந்தும் இருந்தன. அடர்ந்த தலையுள்ள மரங்கள், அநேகமாக மா அல்லது புளி. காட்டில் அப்படிக் கூட்டமாக நிற்காது, வளவில்தான் நிற்கும். அளந்து பார்த்தேன், கட்டின் முனையிலிருந்து 6 மில்லிமீற்றர். 240 மீற்றர் என்று அவரிடம் சொன்னேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். உடைந்த கட்டின் முனையில் நின்று திசையைப் பார்த்தார், பிறகு பற்றையை வெட்டிக்கொண்டே அடி எண்ணினார். முந்நூறு அடியெடுப்புக்குக் கொஞ்சம் மேலே போயிருப்போம். மரம் ஒன்றும் இல்லை. வாயில் கொடி மூடிய ஒரு கிணறு இருந்தது. அவர் கொடியை விலக்கி, கட்டுக்கல்லில் கயிறு உராய்ந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா அள்ளுற பக்கம் இதுதான்," என்றார்.